வேகத்தின் பின்னே ஓடிய வாழ்வு: சஞ்சய் காந்தியும் அவர் பார்க்காமல் போன மாருதியும்

புதுடெல்லி: தலைநகரின் நடுவே அமைந்துள்ள சஃப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்து இப்போது பயணிகள் விமானம் எதுவும் புறப்படுவதில்லை. ஒரு காலத்தில் டெல்லி விமானப் பயிற்சிக் கழகத்தின் சிறு விமானங்கள் இங்கிருந்துதான் வானேறின. 1980-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி காலை ஏறத்தாழ 8 மணிக்கு, இரட்டை இறக்கை கொண்ட சிவப்பு நிற விமானம் ஒன்று இந்த ஓடுபாதையிலிருந்து கிளம்பியது. பிட்ஸ் எஸ்-2ஏ என்ற அந்த அமெரிக்க விமானத்தில் இருவர் மட்டுமே அமரலாம். பயணம் செய்வதற்காக அல்லாமல், வானில் குட்டிக்கரணம் அடிப்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட எந்திரம் அது. சில நிமிடங்களில் அது தரையில் விழுந்து நொறுங்கியது. அதை ஓட்டிச் சென்ற 33 வயது மக்களவை உறுப்பினரும், உடன் சென்ற பயிற்றுநர் கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் உயிரிழந்தனர்.

அந்த உறுப்பினர், அப்போதைய பிரதமர் இந்திரா காந்தியின் இளைய மகன் சஞ்சய் காந்தி. நெருக்கடி நிலைக் காலத்தின் முகமாகவே பெரும்பாலோர் அவரை நினைவில் வைத்துள்ளனர். அந்நினைவு நியாயமானதே. ஆயினும் அரசியலுக்கு வருவதற்கு முன்பே அவரை ஆட்கொண்டிருந்தவை எந்திரங்கள். கார், அதன் வேகம், அதைத் தன் கையால் உருவாக்க வேண்டும் என்ற பிடிவாதம் ஆகியவற்றிலிருந்துதான் அவருடைய பொதுவாழ்வே தொடங்கியது.

சஞ்சய் 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி டெல்லியில் பிறந்தார். தாத்தா ஜவாஹர்லால் நேரு பிரதமராக இருந்த தீன் மூர்த்தி இல்லத்தில் அவருடைய இளமை கழிந்தது. தந்தை ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் ஊழல்களை அம்பலப்படுத்தியவர் என்று அறியப்பட்டவர். அவருக்குக் கைவேலையிலும் எந்திரங்களிலும் நல்ல தேர்ச்சி உண்டு. அந்த ஈடுபாடு மகன்கள் இருவரிடமும் தொற்றியது. 1960-ல் ஃபெரோஸ் மறைந்தபோது சஞ்சய்க்கு வயது 13.

டேராடூனில் உள்ள டூன் பள்ளி உட்படப் பெயர்பெற்ற பள்ளிகளில் பயின்றும், படிப்பில் அவர் ஒளிரவில்லை. கல்லூரிக்கும் செல்லவில்லை. மாறாக, 1960-களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் க்ரூ நகரில் உள்ள ரோல்ஸ்-ராய்ஸ் கார் ஆலையில் தொழிற்பயிற்சியாளராகச் சேர்ந்தார். பிரதமர் குடும்பத்துப் பிள்ளை எண்ணெய்க் கறை படிந்த உடையுடன் தொழிற்கூடத்தில் நிற்பது அக்காலத்தில் வியப்புக்குரிய செய்தியாகவே இருந்தது. 1966 ஜனவரியில் அவருடைய தாய் பிரதமராகப் பொறுப்பேற்றபோதும் அவர் இங்கிலாந்திலேயே இருந்தார்.

கார் வரலாற்றில் அந்த ஆண்டுகள் தனித்தன்மை வாய்ந்தவை. 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் காரை அறிமுகப்படுத்தியது. அதே காலகட்டத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு, நடுத்தர அளவுள்ள காருக்குள் 389 கன அங்குல எட்டு சிலிண்டர் எந்திரத்தைப் பொருத்தி ஜி.டி.ஓ. என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் 325 குதிரைத்திறன். விலை சாதாரண இளைஞருக்கு எட்டக்கூடியது. வேகமோ பந்தயக் காருக்கு நிகரானது. இவ்வகைக் கார்கள் பின்னாளில் மசில் கார் என்று பெயர் பெற்றன. மொழிபெயர்ப்பவருக்குச் சங்கடம் தரும் சொல் இது. தசை என்றால் இறைச்சிக் கடை நினைவுக்கு வருகிறது. புஜபலம் என்றால் பீமன் வந்து நிற்கிறான். இரண்டாவது பொருத்தமாகத் தோன்றினாலும், வாசகர்கள் பழகிய சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

அமெரிக்க இளைஞர்கள் இத்தகைய கார்களில் பறந்துகொண்டிருந்தபோது இந்தியச் சாலைகளின் நிலை வேறு. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகியவை விடுதலைக்கு முன்பே இந்தியாவில் கார்களைப் பூட்டி விற்றுவந்தன. 1950-களின் முற்பகுதியில், இங்கேயே உதிரிபாகங்களைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் என்று அரசு முடிவெடுத்த பின், அவை வெளியேறின. எஞ்சியவை மூன்றே மூன்று. கொல்கத்தா அருகே தயாரான அம்பாசடர், மும்பையில் தயாரான ஃபியட், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஹெரால்டு. இவற்றில் பெரியதான அம்பாசடரின் ஆற்றல் 50 குதிரைத்திறன் அளவே. அதையும் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தே பெற வேண்டும்.

ஆகவே அமெரிக்கக் கார் என்பது டெல்லிவாசிகளுக்குப் பார்வைக்கு மட்டுமே உரிய பொருளாக இருந்தது. சாணக்யபுரியின் தூதரகங்களில் நீண்ட வால் சிறகுகளுடன் இம்பாலாக்கள் நின்றன. தூதர்கள் நாடு திரும்பும்போது விட்டுச்செல்லும் கார்களை அரசு வணிகக் கழகம் வாங்கி, அதிக விலை கேட்போருக்கு விற்றது. திரைப்பட நடிகர்களும் தொழிலதிபர்களும் அவற்றை எடுத்துச் சென்றனர். இம்பாலா என்ற சொல்லே செல்வத்தின் மறுபெயராகப் பல இந்திய மொழிகளில் புழங்கியது. தெருவோரத்தில் நின்று அந்தக் கார்களை வேடிக்கை பார்த்த தலைமுறைக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. 1964 முதல் டெல்லியில் நடைபெற்று வரும் ஸ்டேட்ஸ்மேன் பழங்கார் அணிவகுப்புக்கு வரும் கூட்டத்தில் அவர்களை இன்றும் காண முடியும்.

குலாபி பாக்கில் பிறந்த கனவு

1960-களின் பிற்பகுதியில் நாடு திரும்பிய சஞ்சய், வேகத்தில் மோகம் கொண்ட இளைஞர் என்று டெல்லியில் பெயரெடுத்திருந்தார். ஆனால் அவர் உருவாக்க விரும்பியது வேகமான காரை அன்று, மலிவான காரை. வடக்கு டெல்லியின் குலாபி பாக் பகுதியில் உள்ள ஒரு பணிமனையில், கிடைத்த எந்திரங்களையும் தகடுகளையும் கொண்டு ஒரு மாதிரிக் காரை அவர் உருவாக்கத் தொடங்கினார்.

நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய சிறிய கார் என்ற எண்ணம் அவருடைய கண்டுபிடிப்பு அன்று. எல்.கே.ஜா தலைமையிலான குழு 1960-ஐ ஒட்டியே அதைப் பரிந்துரைத்திருந்தது. அதற்கும் முன்பாக, கோயம்புத்தூரின் ஜி.டி.நாயுடு இருவர் அமரும் சிறிய காரை உருவாக்கி, உரிமம் கிடைக்காமல் அம்முயற்சியைக் கைவிட நேர்ந்தது. அன்றைய விதிகளின்படி, ஒரு காரைச் செய்யத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. அதைச் செய்வதற்கு டெல்லியின் அனுமதி வேண்டும். நாயுடுவுக்குத் திறக்காத கதவு சஞ்சய்க்குத் திறந்தது.

சுமார் 6,000 ரூபாய் விலையில் கார் தயாரிக்க சஞ்சய் அளித்த திட்டம் 1968-ல் நாடாளுமன்றத்தில் பேசுபொருளானது. 1970-ல் ஆண்டுக்கு 50,000 கார்கள் தயாரிப்பதற்கான இசைவுக் கடிதம் அவருக்கு வழங்கப்பட்டது. வெளிநாட்டுத் தொழில்நுட்பக் கூட்டு கூடாது, இறக்குமதி உதிரிபாகங்கள் கூடாது என்பவை நிபந்தனைகள். அப்போது அவருக்கு வயது 23. கார் ஆலை நடத்திய அனுபவம் எதுவும் இல்லை. உரிமம் வழங்கிய அமைச்சரவைக்குத் தலைமை வகித்தவர் அவருடைய தாய். பிரதமரின் முதன்மைச் செயலராக இருந்த பி.என்.ஹக்சர் இதை ஏற்கவில்லை. அதன் பின் அவருடைய செல்வாக்குப் படிப்படியாகச் சரிந்தது. நெருக்கடி நிலையின்போது கன்னாட் பிளேஸில் இருந்த அவருடைய உறவினர்களின் கடையில் சோதனை நடத்தப்பட்டு, முதியவரான அவருடைய சிறிய தகப்பனார் கைதானதைப் பின்னர் ஷா ஆணையம் பதிவு செய்தது.

1971-ல் மாருதி நிறுவனம் பதிவு பெற்றது. மாருதி என்றால் வாயு மைந்தன் அனுமன். வேகத்தை விரும்பியவர் தன் காருக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேடியிருக்க முடியாது. ஹரியானா முதல்வர் பன்சி லால், டெல்லியை ஒட்டிய குர்கானில் சுமார் 300 ஏக்கர் நிலத்தை ஆலைக்கு ஒதுக்கினார். அதற்காக உழவர்களின் விளைநிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. அருகில் ராணுவ வெடிமருந்துக் கிடங்கு இருந்தது குறித்தும் எதிர்க்கட்சியினர் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினர். நாடெங்கும் முகவர்கள் நியமிக்கப்பட்டு, அவர்களிடமிருந்து முன்வைப்புத் தொகை திரட்டப்பட்டது. அரசுடைமை வங்கிகள் கடன் அளித்தன.

கார் மட்டும் வரவில்லை.

1972 நவம்பரில் புதிதாகத் திறக்கப்பட்ட பிரகதி மைதானத்தில் ஆசியா-72 வணிகக் கண்காட்சி நடைபெற்றது. மாருதியின் மாதிரி வடிவம் அங்கு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அடுத்து, அகமத்நகரில் உள்ள ராணுவ வாகன ஆய்வு நிறுவனத்தில் நடந்த சோதனைகளில் அந்தக் காரின் குறைபாடுகள் வெளிப்பட்டன. ரோல்ஸ்-ராய்ஸ் ஆலையில் பெற்ற பயிற்சி, உலகின் விலை உயர்ந்த காரை நிதானமாகக் கையால் பூட்டும் கலை. ஆண்டுக்கு 50,000 கார்களை ஒரே தரத்தில், மிகக் குறைந்த செலவில் வார்த்தெடுப்பது முற்றிலும் வேறு கலை. அதற்கு அச்சுவார்ப்புகள், உதிரிபாகம் தரும் நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள், பல்லாண்டுச் சோதனைகள் ஆகியவை தேவை. அவற்றில் எதுவும் அன்றைய குர்கானில் இல்லை. வெளியிலிருந்து கற்றுக்கொள்ளும் வழியையும் உரிமத்தின் நிபந்தனையே அடைத்துவிட்டது. திறமைக் குறைவுதான் காரணம் என்று இதை முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்த நிபந்தனைகளின்கீழ் வேறு யாரும் வெற்றி பெற்றிருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. அந்த உரிமம் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. அமெரிக்காவில் பெட்ரோல் நிலையங்களின் முன் நீண்ட வரிசைகள் உருவாயின. மாசுக் கட்டுப்பாட்டு விதிகளாலும் காப்பீட்டுக் கட்டண உயர்வாலும் ஏற்கெனவே தளர்ந்திருந்த மசில் கார்களின் காலம் ஏறக்குறைய அத்துடன் முடிந்தது. இந்தியாவிலும் பெட்ரோல் விலை கடுமையாக உயர்ந்தது. அதைக் கண்டித்து, 1973 நவம்பரில் அடல் பிஹாரி வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்தார். கார் வாங்கும் கனவே கேலிக்குரியதாகத் தோன்றிய அந்நாள்களில், குர்கான் ஆலை கார்களுக்குப் பதிலாகச் சாலை உருளைகளையும் பேருந்துக் கூடுகளையும் தயாரிக்கத் தொடங்கியது. வாயு மைந்தனின் பெயரைத் தாங்கிய ஆலையிலிருந்து வாகனங்களிலேயே மிக மெதுவானதான ரோடு ரோலர் வெளிவந்ததை, அக்காலத்து நாளேடுகளின் கேலிச்சித்திரக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதிகாரத்தின் வேகம்

1974 செப்டம்பரில் சஞ்சய், மேனகா ஆனந்தை மணந்தார். மறு ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த 21 மாதங்கள் எந்த அரசுப் பதவியும் வகிக்காமலேயே அவர் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஆணையிடும் நிலையில் இருந்தார். மரம் நடுதல், எழுத்தறிவு, வரதட்சணை ஒழிப்பு, சாதி ஒழிப்பு, குடும்பக் கட்டுப்பாடு ஆகியவை அவருடைய ஐந்து அம்சத் திட்டமாக முன்வைக்கப்பட்டன. நடைமுறையில் முன்னின்றது இறுதி அம்சமே. 1976-77-ல் மட்டும் 80 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அவர்களில் பலர் கட்டாயத்தின்பேரில் கொண்டுவரப்பட்டவர்கள். அதிகாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் எண்ணிக்கை இலக்கு விதிக்கப்பட்டது.

டெல்லியை அழகுபடுத்தும் பணியில் பழைய டெல்லியின் துர்க்மான் கேட் பகுதி வீடுகள் 1976 ஏப்ரலில் இடிக்கப்பட்டன. எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டதில் உயிர்கள் பலியாயின. வீடிழந்த குடும்பங்கள் நகருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டன. தலைமுறைகளாகப் பழைய டெல்லியின் சந்துகளில் வேலை செய்து பிழைத்தவர்களுக்கு அந்தத் தொலைவே தண்டனையாயிற்று. காரை நிறுத்த பிரேக் உண்டு. பத்திரிகைத் தணிக்கையும் தடுப்புக் காவலும் நடைமுறையில் இருந்த அன்றைய அரசு எந்திரத்தில் அந்தப் பாகம் கழற்றப்பட்டிருந்தது.

அதே 1976-ல் அவர் விமானி உரிமம் பெற்றார். சாலையில் கிட்டாத வேகத்தை அவர் வானில் கண்டடைந்ததாகவே தோன்றுகிறது. வான் சாகசத்தில் அவருக்கு ஆர்வம் மிகுந்தது. அண்ணன் ராஜீவும் விமானியே. எனினும் அவர் இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் பயணிகளை ஏற்றிச்சென்று பத்திரமாக இறக்குபவர்.

1977 மார்ச் மாதத் தேர்தலில் இந்திரா காந்தி ரேபரேலியிலும் சஞ்சய் அமேதியிலும் தோல்வியடைந்தனர். ஜனதா அரசு, மாருதி விவகாரத்தை விசாரிக்க நீதிபதி ஏ.சி.குப்தா ஆணையத்தை அமைத்தது. நிறுவனத்துக்குக் காட்டப்பட்ட சலுகைகளை அந்த ஆணையம் கடுமையாக விமர்சித்தது. 1978-ல் நிறுவனத்தைக் கலைக்க பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசியல் நையாண்டித் திரைப்படமான கிஸ்ஸா குர்ஸி காவின் படச்சுருள்கள் குர்கான் ஆலை வளாகத்தில் எரிக்கப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில், 1979-ல் விசாரணை நீதிமன்றம் சஞ்சய்க்குச் சிறைத் தண்டனை விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது.

1980 ஜனவரியில் காங்கிரஸ் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. சஞ்சய் அமேதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். மார்ச் மாதம் மகன் வருண் பிறந்தார். தாய்க்குப் பின் யார் என்ற கேள்விக்கு அன்றைய டெல்லியில் ஒரே விடைதான் இருந்தது.

அந்த ஜூன் மாதக் காலைக்குத் திரும்புவோம். பிட்ஸ் விமானத்தில் பொருத்தப்பட்டிருந்தது 200 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் எந்திரம். எடை குறைந்த உடல், அதற்கு மிஞ்சிய ஆற்றல். மசில் காரின் சூத்திரமும் இதுவே. குடியிருப்புப் பகுதிகளின் மேல், தாழ்வான உயரத்தில் அவர் விமானத்தை வட்டமாகச் சுழற்றினார். மீண்டும் மேலெழுப்ப இயலாமல் அது வில்லிங்டன் கிரசென்ட் சாலையின் பின்புறம் மரங்களிடையே விழுந்தது. அங்குள்ள 12-ஆம் எண் இல்லத்தில்தான் ஆட்சியில் இல்லாத ஆண்டுகளில் இந்திரா காந்தி குடும்பத்துடன் வசித்தார். சஞ்சயின் உடல் யமுனைக் கரையில், தாத்தா நேருவின் நினைவிடமான சாந்தி வனத்துக்கு அருகில் தகனம் செய்யப்பட்டது. உடன் உயிரிழந்த கேப்டன் சக்சேனாவின் பெயரைச் செய்திகள் விரைவிலேயே மறந்தன.

மகன் இறந்த நான்கு மாதங்களுக்குள், 1980 அக்டோபரில், முடங்கிக் கிடந்த ஆலையை மத்திய அரசு கையகப்படுத்தியது. 1981-ல் மாருதி உத்யோக் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது. அதை நடத்தும் பொறுப்பு, திருச்சி பெல் ஆலையில் பணியாற்றி, பின் பெல் நிறுவனத்தின் தலைவரான தமிழர் வி.கிருஷ்ணமூர்த்தியிடம் ஒப்படைக்கப்பட்டது. சஞ்சய்க்கு மறுக்கப்பட்டிருந்த வெளிநாட்டுக் கூட்டு இப்போது அனுமதிக்கப்பட்டது. 1982 அக்டோபரில் ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்நிறுவனம் 26 விழுக்காடு பங்குகளை எடுத்துக்கொண்டது. குலாபி பாக் காரின் எந்தப் பாகமும் புதிய காரில் இடம்பெறவில்லை. பெயர் மட்டும் நிலைத்தது.

1983 டிசம்பர் 14-ஆம் தேதி, சஞ்சயின் பிறந்தநாளன்று, முதல் மாருதி 800 காரின் சாவியை இந்திரா காந்தி டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் வழங்கினார். விலை 47,500 ரூபாய். மூன்று சிலிண்டர் எந்திரத்தின் கொள்ளளவு 796 கன சென்டிமீட்டர். இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1964-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. எந்திரத்தின் 389 கன அங்குலத்தை எட்டு சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தால், ஒன்றுக்குக் கிடைப்பதும் ஏறத்தாழ அதே 796. அமெரிக்க இளைஞர் ஓட்டிய காரின் எட்டில் ஒரு பங்குதான் இந்தியக் குடும்பத்தின் முழு எந்திரம். அதில் அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி, மேலே கட்டிய பெட்டிகள் என அனைத்தும் திருப்பதிக்கும் ஊட்டிக்கும் சென்று திரும்பின. அம்பாசடரில் பழகியவர்களுக்கு அதுவே பறப்பது போல் இருந்தது.

மசில் கார் இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 5 லிட்டர் எந்திரம் கொண்ட ஃபோர்டு மஸ்டாங், 2016 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியையொட்டி அறிமுகமாகி, அதே ஆண்டு ஜூலையில் 65 லட்சம் ரூபாய் விலையில் விற்பனைக்கு வந்தது. டெல்லிச் சாலைகளில் அதன் உறுமல் அவ்வப்போது கேட்பதுண்டு. அடுத்த சிக்னல் வரை.

மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஹர்பால் சிங் தன் காரை 2010-ல் மறையும் வரை வைத்திருந்தார். பின்னர் வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடித்த அந்த வெள்ளைக் காரை நிறுவனம் சீரமைத்தது. டி.ஐ.ஏ. 6479 என்ற பதிவு எண்ணுடன் அது இப்போது டெல்லியில் உள்ள நிறுவனத் தலைமையகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது.